செய்தித் திரையில் ஒலிக்கும் குரல் யாருடையது?

(பெரியோரும் இளையோரும் சேர்ந்து படித்தற்குரிய பாடம்)



நாள்தோறும் மாலையில் தொலைக்காட்சிச் செய்தி கேட்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்கிறோம். எங்கே நடந்தது என்று பார்க்கிறோம். ஆனால், அதனைப் பற்றிப் பேசுவதற்கு யார் அழைக்கப்பட்டார், யார் அழைக்கப்படவில்லை என்று எண்ணிப் பார்ப்பது அரிது. பேசியவர் முகம் நம் நினைவில் நிற்கிறது. பேசாதவர் முகத்தை நாம் காண்பதேயில்லை. ஆகவே அவர் அங்கு இல்லை என்பதையும் நாம் உணர்வதில்லை. இவ்வுணர்வை வளர்த்துக்கொள்வதற்கான ஒரு சிறு பயிற்சியே இப்பாடம்.

பொதுப்படையாகக் கூறிச் செல்வதைவிட, உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவது பயன் தரும். அயர்லாந்தில் 1971 முதல் 1994 வரையிலும், பிரிட்டனில் 1988 முதல் 1994 வரையிலும், குறிப்பிட்ட சிலருடைய குரல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கலாகாது என்று அரசே ஆணையிட்டிருந்தது. பிற இடங்களில் ஓசையின்றி நடைபெறுவது அங்கே ஆணையாக எழுதப்பட்டிருந்தமையால், அதனைப் படித்துப் பார்ப்பது எளிது.

1. ஒரு செய்தியில் எத்தனை குரல்கள்?

ஒரு செய்தித் தொகுப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களே நீடிக்கும். அதற்குள் ஐந்து வகைக் குரல்கள் வரக்கூடும். முதலாவது, செய்தி வாசிப்பவர். இரண்டாவது, நிகழ்விடத்திலிருந்து பேசும் நிருபர். மூன்றாவது, அமைச்சர், காவல்துறை அதிகாரி, நிறுவனத் தலைவர் போன்ற பதவியில் உள்ளோர். நான்காவது, வல்லுநர். ஐந்தாவது, அந்நிகழ்ச்சியால் நேரே பாதிக்கப்பட்ட பொதுமக்கள்.

இவ்வைவரும் ஒரே வகையாகப் பேசுவதில்லை. வாசிப்பவரும் நிருபரும் நம் கண்ணை நேரே நோக்கிப் பேசுகின்றனர். ஏனையோர் நிருபரை நோக்கிப் பேசுகின்றனர். பதவியில் உள்ளவர் தம் மேசையின் முன் அமர்ந்திருப்பார். அவர் பெயரும் பதவியும் திரையின் அடியில் எழுதப்படும். பாதிக்கப்பட்டவரோ தெருவில் நிற்பார். பல நேரங்களில் அவருக்குப் பெயரே இராது. முன்னவரிடம் "ஏன் இப்படி நேர்ந்தது? இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கப்படுகிறது. பின்னவரிடம் "உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்கப்படுகிறது. இதனால் காரணம் கூறும் உரிமை ஒருவருக்கும், கண்ணீர் விடும் கடமை மற்றொருவருக்கும் என்று ஒரு பங்கீடு தானாகவே ஏற்பட்டுவிடுகிறது.

மேலும், பத்து நிமிடம் பேட்டி எடுத்தாலும் ஒளிபரப்பாவது சில விநாடிகளே. எந்தச் சில விநாடிகள் என்பதைப் பேசியவர் முடிவு செய்வதில்லை. செய்தி அறையில் உள்ள தொகுப்பாளரே முடிவு செய்கிறார். இதனைக் குற்றமாகக் கூறவில்லை. நேரம் குறைவு, தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தேர்வு என்று ஒன்று நடைபெறுகிறது என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும், அவ்வளவே.

2. சிக்கலின் பின்னணி

அயர்லாந்துத் தீவின் பெரும்பகுதி 1922-இல் தனி அரசாயிற்று. வடபகுதியான வட அயர்லாந்து பிரிட்டனோடு இருந்துவிட்டது. 1960-களின் இறுதியில் அங்கே வன்முறை மூண்டது. பிரிட்டனோடு நீடிக்க விரும்பியோர் ஒருபுறம், ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பியோர் மறுபுறம். இருபுறத்திலும் ஆயுதக் குழுக்கள் தோன்றின. 1998 வரை நீடித்த இப்போரில் 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இக்குழுக்களுள் ஐ.ஆர்.ஏ. என்பது பெரியது. அதனோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஷின் ஃபெயின் என்னும் கட்சியோ சட்டப்படி இயங்கியது, தேர்தலில் நின்றது, வெற்றியும் பெற்றது. அக்கட்சியின் ஜெர்ரி ஆடம்ஸ் 1983-இல் மேற்கு பெல்ஃபாஸ்ட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்கெடுப்பில் இடமுண்டு, வானொலியில் இடமில்லை என்னும் நிலை அதன் பின்னர்ப் பிரிட்டனில் எழுந்தது.

3. அயர்லாந்தின் 31-ஆம் பிரிவு

அயர்லாந்தில் 1960-ஆம் ஆண்டு ஒலிபரப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 31-ஆம் பிரிவு, குறிப்பிட்ட செய்திகளை ஒலிபரப்பாது தவிர்க்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. 1971-இல் இப்பிரிவின்கீழ் முதன்முதலாக ஆணை பிறப்பிக்கப்பட்டது. அரசியல் நோக்கத்தை வன்முறையால் அடைய முயலும் அமைப்புகளுக்குத் துணையாகும் எதனையும் ஒலிபரப்பலாகாது என்பது அதன் கருத்து.

1972 நவம்பரில் அந்நாட்டின் ஆர்.டி.ஈ. நிலையத்தைச் சேர்ந்த கெவின் ஓ'கெல்லி என்னும் செய்தியாளர், ஐ.ஆர்.ஏ. தலைவர்களுள் ஒருவரான ஷான் மக் ஸ்டீஃபான் என்பவரிடம் பேட்டி கண்டு அதன் செய்தியை வானொலியில் அளித்தார். அரசு வெகுண்டது. நிலையத்தின் ஆட்சிக்குழு முழுவதையும் ஒரே நாளில் பதவி நீக்கியது. ஒலிநாடாவில் உள்ள குரல் இன்னாருடையது என்று நீதிமன்றத்தில் அடையாளம் கூற மறுத்த ஓ'கெல்லிக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது அபராதமாக மாற்றப்பட்டது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நிலையத்தில் பணியாற்றியோர் உள்ளத்தில் என்ன எண்ணம் குடிகொண்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1976-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதையடுத்து ஷின் ஃபெயின் கட்சியின் சார்பாகப் பேசுவோரும் தடைக்குள் கொண்டுவரப்பட்டனர்.

4. எனிஸ்கில்லன் நகரில் ஒரு தந்தை

வட அயர்லாந்தின் எனிஸ்கில்லன் நகரில் 1987 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, போர்களில் உயிர்நீத்தோர் நினைவுநாள் வழிபாட்டுக்காக மக்கள் கூடியிருந்தனர். ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்துச் சுவர் இடிந்து விழுந்தது. 11 பேர் மாண்டனர். கார்டன் வில்சன் என்னும் துணி வணிகரும் அவருடைய 20 வயது மகள் மரீயும் இடிபாட்டுக்குள் அகப்பட்டனர். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றியவாறே கிடந்தனர். தந்தை மீட்கப்பட்டார். மகள் மருத்துவமனையில் இறந்தாள்.

அன்று மாலையே பி.பி.சி. நிருபர் ஒருவர் அத்தந்தையின் முன் ஒலிவாங்கியை நீட்டினார். இடிபாட்டுக்குள் நேர்ந்ததை அவர் தளர்ந்த குரலில் கூறினார். கொன்றவர்மீது தமக்குப் பகையில்லை என்றும், அவர்களைப் பற்றிக் கடுஞ்சொல் பேசுவதால் மகள் திரும்பி வாராள் என்றும், அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வதாகவும் அவர் உரைத்தார். அப்பேட்டி உலகெங்கும் ஒலித்தது. எத்தனையோ தலைவர்கள் அன்று கண்டன அறிக்கை விடுத்தனர். மக்கள் நெஞ்சில் நின்றதோ அத்துணி வணிகர் குரலே. பழிக்குப் பழி என்று அடுத்த இரவே கிளம்பக்கூடியவர்களின் கையை அவர் சொல் தடுத்ததாக அப்பகுதியில் பலரும் நம்பினர்.

இதனை இங்கு நிறுத்திச் சிந்திப்பது நலம். "உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்னும் வழக்கமான வினாவுக்குரிய இடத்தில்தான் அவரும் நின்றார். ஆயினும் குறுக்கிடாமல், வெட்டாமல், அவர் முழுவதும் பேச இடம் கொடுக்கப்பட்டது. அதனால்தான் அழும் தந்தையாக மட்டுமன்றி, அறம் உரைக்கும் மனிதராகவும் அவர் வெளிப்பட்டார். பின்னர் 1993-இல் அவர் அயர்லாந்து மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டே ஐ.ஆர்.ஏ. பிரதிநிதிகளை நேரிற் சந்தித்து, கொலையை நிறுத்துமாறு வேண்டினார். அவர்கள் இணங்கவில்லை, அவர் மனம் சோர்ந்து திரும்பினார். 1995-இல் காலமானார்.

5. முகம் உண்டு, குரல் இல்லை

எனிஸ்கில்லன் துயரம் ஆறுவதற்குள் 1988 ஆகஸ்டில் பாலிகாலி என்னுமிடத்தில் பேருந்தில் சென்ற பிரிட்டிஷ் படைவீரர் எண்மர் குண்டுவெடிப்பில் மாண்டனர். பயங்கரவாதிகளுக்கு விளம்பரமே உயிர்க்காற்று, அதனை நிறுத்தவேண்டும் என்பது பிரதமர் மார்கரெட் தாட்சர் 1985-லேயே வெளியிட்ட கருத்து. 1988 அக்டோபர் 19 அன்று உள்துறைச் செயலர் டக்ளஸ் ஹர்ட் நாடாளுமன்றத்தில் தடையை அறிவித்தார். இரு தரப்பையும் சேர்ந்த 11 அமைப்புகளின் சார்பாகப் பேசுவோரின் சொற்களும், அவ்வமைப்புகளுக்கு ஆதரவு தேடும் சொற்களும் நேரே ஒலிக்கலாகாது என்பது அத்தடை. அவற்றுள் சட்டப்படி இயங்கிய ஷின் ஃபெயின் கட்சியும் ஒன்று. தேர்தல் காலத்துக்கும் நாடாளுமன்ற நடவடிக்கைகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது.

தடை விதித்தோர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். மகனைப் பறிகொடுத்த தாய் தன் வீட்டுக் கூடத்திலேயே, அக்கொலைக்குச் சமாதானம் கூறுவோர் குரலைக் கேட்க நேர்வது கொடுமையிலும் கொடுமை. அவ்வலியைப் பொருட்படுத்தாமல் பேச்சுரிமை பற்றி வாதிடுவது எளிது, நேர்மையன்று.

ஆயினும் நடந்தது என்ன? ஆணையின்படி, நேரடிக் குரல் மட்டுமே தடுக்கப்பட்டது. படமும் தடுக்கப்படவில்லை, சொல்லிய செய்தியும் தடுக்கப்படவில்லை. எனவே தொலைக்காட்சி நிலையங்கள் ஒரு வழி கண்டன. ஜெர்ரி ஆடம்ஸின் முகம் திரையில் தோன்றும், உதடுகள் அசையும், ஒலிப்பதோ ஒரு நடிகரின் குரல். புகழ்பெற்ற நடிகர் ஸ்டீஃபன் ரியாவும் அவ்வாறு குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். நாளடைவில் நடிகர்கள் உதட்டசைவுக்குப் பொருந்தப் பேசக் கற்றுக்கொண்டனர். நாட்டின் பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட ஆணை நகைப்புக்கு இடமாயிற்று.

ஆனால் நகைப்போடு முடிந்துவிடவில்லை. இத்தனை இடர்ப்பாட்டோடு ஒருவரைப் பேட்டி காண்பதைவிடக் காணாமலிருப்பதே மேல் என்று நிலையங்கள் எண்ணின. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தடைக்கு முன்னும் பின்னும் ஓராண்டுச் செய்திகளை ஒப்பிட்டு எண்ணினர். அக்கட்சியினர் பேட்டிகள் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தன. பேட்டி குறைந்தபோது, அவர்களை மடக்கிக் கேட்கவேண்டிய கடுமையான வினாக்களும் உடன் குறைந்தன. கேட்கப்படாதவர் பதில் கூறும் பொறுப்பிலிருந்தும் தப்பிவிடுகிறார் என்பதைத் தடை விதித்தோர் எண்ணவில்லை போலும்.

செய்தியாளர் சிலர் தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். பிரபுக்கள் சபை 1991-இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

6. பாடலுக்கும் தடை

1974 நவம்பரில் பர்மிங்காம் நகரின் மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். அயர்லாந்தைச் சேர்ந்த அறுவருக்கு மறு ஆண்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் தாங்கள் குற்றமற்றவர்கள் என்று தொடர்ந்து கூறிவந்தனர். 1985-இல் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனத்தின் நிகழ்ச்சியொன்று, வழக்கின் அறிவியற் சான்றையே ஐயுற்றது. கைகளில் வெடிமருந்து இருந்ததாகக் காட்டிய அச்சோதனை, சீட்டுக்கட்டைத் தொட்டவர் கைகளிலும் அதே விளைவைத் தரக்கூடும் என்று அந்நிகழ்ச்சி செய்து காட்டிற்று. தொலைக்காட்சியால் விளைந்த நன்மைக்கு இஃது ஓர் உயர்ந்த சான்று.

மூன்றாண்டுகளுக்குப் பின் தடையாணை வந்தது. அவ்வறுவரும் குற்றமற்றவர் என்னும் கருத்துடைய ஒரு பாடலை போக்ஸ் என்னும் இசைக்குழு பாடியிருந்தது. தனியார் நிலையங்களைக் கண்காணித்த சுயேச்சை ஒலிபரப்பு ஆணையம், 1988-இல், அப்பாடல் தடையாணைக்குள் வரும் என்று கூறி அதனை ஒலிபரப்பாமல் நிறுத்திற்று. 1991 மார்ச் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வறுவரின் தண்டனையை நீக்கி விடுதலை செய்தது. 16 ஆண்டுகள் அவர்கள் சிறையில் கழித்திருந்தனர். பாடல் கூறியது உண்மையாயிற்று; உண்மையைக் கூறிய பாடலுக்கே தடை இருந்தது.

7. தொழிலாளியின் வாய்ப்பூட்டு

1990-இல் டப்ளின் நகரில் கேக் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைநிறுத்தம் நடைபெற்றது. வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் லாரி ஓ'டூல். ஆர்.டி.ஈ. நிலையத்தார் அவரிடம் பேட்டி கண்டனர். அவர் ஷின் ஃபெயின் கட்சி உறுப்பினர் என்று பின்னர் தெரியவந்ததும் அவர் குரலை ஒலிபரப்ப மறுத்துவிட்டனர். அவர் பேசியது கூலியையும் வேலையையும் பற்றியே, கட்சியைப் பற்றியன்று. சக தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒருவர், அவர்கள் சோற்றைப் பற்றிப் பேச முடியாமற் போயிற்று.

அவர் நீதிமன்றத்தை நாடினார். உயர் நீதிமன்றம் 1992-இலும், உச்ச நீதிமன்றம் 1993-இலும் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. சட்டம் தடுத்தது கட்சியின் சார்பாகப் பேசுவோரை மட்டுமே. உறுப்பினர் எவராயினும், எதைப் பற்றியாயினும் பேசலாகாது என்று நிலையம் தானாகவே தடையை விரித்துக்கொண்டது தவறு என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் கோடு ஒன்று கிழித்தது. அச்சம் அக்கோட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி வேலி போட்டது. இப்பாடத்தில் நினைவிற் கொள்ளவேண்டிய முதன்மையான செய்தி இதுவே.

8. தடை நீங்கியது

1994 சனவரியில் அயர்லாந்து அமைச்சர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் ஆணையைப் புதுப்பிக்காமல் விட்டார். அவரே 2011-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சில நாள்களில் ஆடம்ஸ் நியூயார்க் சென்று தொலைக்காட்சியில் பேசினார். அமெரிக்க மக்கள் அவர் குரலை நேரே கேட்டனர். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. செப்டம்பர் 16 அன்று பிரதமர் ஜான் மேஜர் பிரிட்டனின் தடையை நீக்கினார். நீண்ட பேச்சுக்குப் பின் 1998 ஏப்ரல் 10 அன்று உடன்பாடு ஏற்பட்டது. தடை நீங்கியதால்தான் அமைதி வந்தது என்று கூறுவது மிகை. ஆயினும் எதிரெதிர் தரப்பினர் ஒருவர் குரலை ஒருவர் கேளாமல் அவ்வுடன்பாடு எய்தப்படவில்லை.

9. நாம் கற்பவை

முதலாவது, ஒருவரைப் பற்றிப் பேசுவது வேறு. அவரே பேசுவது வேறு. சொல் ஒன்றேயாயினும், குரலில் உள்ள நடுக்கமும் தயக்கமும் உறுதியும் பிறர் வாய்வழி வாரா.

இரண்டாவது, பேச இடம் கொடுப்பது உடன்படுவதாகாது. கொலையை நியாயப்படுத்துவோரை அழைத்து, மறுத்து, மடக்கி வினவுவதும் செய்தியாளர் கடமையே.

மூன்றாவது, எல்லாக் குரலும் சமநேரம் பெறவேண்டும் என்பதும் சரியன்று. அநேகாந்தம் பயின்ற நமக்கு இது விளங்கும். ஒரு பொருளைப் பல கோணத்தில் நோக்குக என்பது அதன் கருத்து. பொய்யையும் மெய்யையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுக என்பதன்று. எந்தக் கோணம் விடுபட்டது என்று கேட்பதே நாம் செய்யத்தக்கது.

நான்காவது, குரலை அடைப்பதற்கு அரசாணை எப்போதும் தேவையில்லை. நேரமின்மை, அவசரம், அச்சம், கேமரா செல்ல வசதியான இடம், பேசிப் பழகியவரையே மீண்டும் அழைக்கும் சோம்பல் ஆகியவையும் அதே வேலையைச் செய்துவிடும்.

10. இல்லப் பயிற்சி

ஆசிரியப் பயிற்சி மாணவியர் வகுப்பெடுக்கும்போது, நாம் கடைசி இருக்கையில் அமர்ந்து ஒரு தாளில் வகுப்பறையின் படத்தை வரைந்துகொள்வது வழக்கம். எந்தப் பிள்ளையிடம் வினா கேட்கப்பட்டதோ அவ்விடத்தில் ஒரு கோடு இடுவோம். பாடம் முடிந்தபின் அத்தாளைக் காட்டினால் போதும்; வேறு குறை கூறத் தேவையில்லை. முன்வரிசையில் கோடுகள் நிறைந்திருக்கும். பின்வரிசை வெறுமையாக இருக்கும். எல்லாரிடமும் கேட்டதாகவே அப்பயிற்சி ஆசிரியை உறுதியாக எண்ணியிருப்பார்.

அதே முறையைச் செய்திக்கும் கையாளலாம். ஒரு வாரம், நாள்தோறும் ஒரே செய்தியறிக்கையை எடுத்துக்கொள்க. குறிப்பேட்டில் ஐந்து கட்டங்கள் வரைந்து, மேலே கூறிய ஐவகைக் குரல்களுக்கும் கோடு இடுக. வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைத்தல் நன்று. பின்வருவனவற்றையும் குறித்துக்கொள்க:

அ) பேசியவர் பெயர் திரையில் எழுதப்பட்டதா?
ஆ) அவரிடம் காரணம் கேட்கப்பட்டதா, மனநிலை மட்டும் கேட்கப்பட்டதா?
இ) அவர் குரலே ஒலித்ததா, அவர் கூறியதாக வேறொருவர் கூறினாரா?
ஈ) பெண்கள் எத்தனை பேர்? எவ்வகையில்?
உ) இச்செய்தியில் பேசியிருக்கவேண்டிய, ஆனால் பேசாத ஒருவர் யார்?

சிந்தனை வினாக்கள்

1. கார்டன் வில்சன் பேட்டியைத் தொகுப்பாளர் பத்து விநாடியாகச் சுருக்கியிருப்பின் எப்பகுதியை வைத்திருப்பார்? எதனை இழந்திருப்போம்?
2. உயிரிழப்புக்கு ஆளான குடும்பத்தின் வலியையும், அனைத்துத் தரப்பையும் கேட்கும் தேவையையும் ஒருசேரக் காப்பதற்கு ஒரு செய்தி நிலையம் என்ன விதிகளை வகுத்துக்கொள்ளலாம்?
3. லாரி ஓ'டூல் வழக்கில் தவறு சட்டத்தினுடையதா, நிலையத்தினுடையதா? காரணம் கூறுக.
4. நம் இல்லத்தில் ஒரு முடிவு எடுக்கப்படும்போது யார் குரல் இறுதியாகக் கேட்கப்படுகிறது? யாருடையது கேட்கப்படுவதேயில்லை?

நான்காம் வினாவுக்குரிய விடையைக் குறிப்பேட்டில் எழுதவேண்டா. குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து, வயதில் இளையவரை முதலிற் பேசச்செய்து, பெரியோர் பொறுமையுடன் கேட்பாராக.